சலவைக்கூடத்து அக்கா மறுபடி எழுந்தது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘இஸ்திரி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் அறைக்குப் போகும் பச்சைத் துணிகள் அவள் கை பட்டால் தகடு மாதிரி நிற்கும். வாய் கொஞ்சம் நீளம். டாக்டர்களின் கோட்டுப் பையில் கிடைக்கும் மிட்டாய்த் தாளை வைத்தே யாருக்குச் சர்க்கரை வரும் என்று ஜோசியம் சொல்வாள். தான் குடித்ததையும், அதை விட்டுச் சில வருஷம் ஆனதையும் அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. நூலகத்தின் பின்னறையில் வாராவாரம் கூடும் குடியை விட்டவர்களின் கூட்டத்தில், புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அவள்தான்.

அவளுடைய தங்கை திடீரென்று இறந்துபோனாள். அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அக்கா ஒரு பாட்டில் வாங்கினாள். தூக்கம் வர ஒரு மடக்கு போதும் என்றுதான் நினைத்தாள், பாட்டில் காலியானது. மறுநாள் காலை பேரனை விட்டுவிட்டு வேலைக்குப் போக வந்த மகளுக்கு, கதவு திறந்ததுமே வாடை அடித்தது. இடுப்பிலிருந்து குழந்தையை இறக்கக்கூட இல்லை. வந்த வழியே திரும்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அக்காவுக்கு.

அதன்பிறகு வேலைக்கும் போகவில்லை, கூட்டத்துக்கும் போகவில்லை. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் எந்த மூஞ்சியோடு போவது? போனை அணைத்து அலமாரிக்குள் போட்டாள். குடி மட்டும் தொடர்ந்தது.

கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், ரிட்டயர்டான கணக்கு டீச்சர், ஒரு காலையில் வந்து கதவைத் தட்டினார். திறக்கவில்லை. டீச்சர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எனக்கு மூட்டு வலி. நீ வந்து தூக்கிவிடாம எந்திரிக்க முடியாது, பாத்துக்க.”

கதவு திறந்தது.

“எல்லாத்தையும் கெடுத்துட்டேன், டீச்சர்.”

“நான் நாலு தடவை கெடுத்தவ. ஒரு தடவைக்கே இந்த அலட்டலா? குளிச்சுட்டு வா. முதல்ல டாக்டரு, அப்புறம் கூட்டம்.”

கூட்டத்தில் “மறுபடி குடிச்சுட்டேன்” என்று எழுந்து நின்று சொன்னாள். யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஒரு பஸ் டிரைவர் மட்டும் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலம்தான் அவளுக்குக் கண்டம் என்று தெரிந்து, ஆள் மாற்றி ஆள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். டிரைவர் பேசவே மாட்டார். ஒழுகும் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போவார். சலவைக்கூடத்து சூப்பர்வைசரும் ஆள் அனுப்பினார்: “உன் மேஜை அப்படியே கிடக்கு. துணி கசங்கிப் போகுதுன்னு டாக்டருங்ககிட்ட நான்தான் திட்டு வாங்குறேன்.”

மகள் மட்டும் வரவில்லை. பல மாதம் கழித்து, குடும்பத்தாரும் வரலாம் என்றிருந்த ஒரு கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பி நடக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

“இனிமே குடிக்கவே மாட்டேன்னு சொல்ல முடியுமாம்மா?”

அந்த வாக்கை அவள் முன்பெல்லாம் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவாள்.

“முடியாதுடி. இன்னிக்குக் குடிக்கலை. குடிக்கணும்னு தோணினா உன்கிட்டயோ டீச்சர்கிட்டயோ உடனே சொல்லிடுவேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

மகள் நடையை மெதுவாக்கினாள்.

“பையன் உன்னையே கேட்டுக்கிட்டிருக்கான். வீட்டுக்கு வந்துட்டுப் போ. நானும் கூட இருப்பேன்.”

பேரனைத் தன்னிடம் தனியாக விடமாட்டாள் என்ற அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. ஆனாலும் நியாயம்தான் என்று பட்டது. மகளோடு அவள் வீட்டுத் தெருப்பக்கம் திரும்பினாள்.