ஒரு வாரக் கோச்

போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை. விஜயநகர் பால் பூத் வாசலில் வரதன் சார் என்னை மடக்கினார். என் பத்தியால் அவருக்குத் தலைவலியாம்.

உங்களுக்கு நினைவிருக்கலாம். அதற்கு முந்தைய நாள்தான் இதே பத்தியில் அவரைப் பற்றி எழுதியிருந்தேன். பக்கத்துத் தெருக்காரர், ஒரு காலத்தில் இந்திய ஃபுட்பால் அணியில் கோல் விழாமல் தடுக்கும் ஸ்டாப்பர் பேக், இப்போது தேசிய அணிக்கு மேனேஜராகப் போகிறார் என்று. அதோடு விட்டேனா? இனி யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது எல்லாம் அவர் கையில்தான் என்று அளந்துவிட்டிருந்தேன்.

டிவியில் வரும் வெளிநாட்டு ஆட்டங்களில் மேனேஜர்தானே எல்லாம்? கோட் மாட்டிக்கொண்டு கோட்டோரம் நின்று கத்துகிறாரே...

நம் நாட்டில் அது கோச்சின் வேலையாம். மேனேஜர்? பாஸ்போர்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பவர். பஸ், ஓட்டல் அறை, யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது — இதுதான் அவர் இலாகா.

பத்தி வந்த அன்றே மண்டி மொஹல்லாவிலிருந்து ஒரு கடைக்காரர், மகன் கோல் போடும் வீடியோவோடு வந்துவிட்டாராம். பின்னாலேயே இன்னும் மூன்று அப்பாக்கள். எல்லா வீடியோவையும் கடைசிவரை பார்த்து, பையனுக்கு இடது கால் பழக்கம் போதாது என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஆட்களைத் தேர்வு செய்வது தன் வேலை இல்லை என்ற உண்மையையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் வேலை பார்த்த பேங்க்கின் பழைய நண்பர்களோ போனில் ‘கோச் சார்’ என்கிறார்களாம்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வரும் ஞாயிறே திருத்தம் போட்டுவிடுகிறேன் என்றேன்.

அவர் பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டார்.

"போடத்தான் வேணும். ஆனா ஸ்வல்ப பொறுங்கோ, ஒரு வாரம் கழிச்சுப் போடுங்கோ. கோச் வேலைக்கு ரெண்டு தடவை இன்டர்வியூ போனேன். ரெண்டு தடவையும் வேற ஆளைப் போட்டுட்டா. ஒரு வாரமாவது கோச்சா இருந்துட்டுப் போறேனே."

சரி என்று தலையாட்டினேன். போன ஞாயிறு மாவடு பற்றி ஏதோ எழுதி ஒப்பேற்றினேன்.

கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்பது நம் எல்லோருக்கும் நடப்பதுதான். கிடைத்ததை யார் ஒழுங்காகச் செய்கிறோம்? வரதன் சார் அணியின் பயிற்சி கேம்ப்புக்குப் போன முதல் நாளே, இரண்டு ஆட்டக்காரர்களுடைய பாஸ்போர்ட் காலாவதியாகப் போவதைக் கண்டுபிடித்துவிட்டாராம். இல்லாவிட்டால் இரண்டு பேர் ஏர்போர்ட்டோடு திரும்பியிருப்பார்கள்.

ஆகவே திருத்தம்: வரதன் சார் இந்திய அணியின் மேனேஜர், கோச் அல்ல. தவறு தெரியாமல் நடந்தது. தாமதம் தெரிந்தே செய்தது.