கடையில் வாங்கிய அவரைக்காய்

என் மாமனாரின் வலது கை மறுபடியும் போட்ட முதல் முடிச்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மொட்டை மாடியில், சிமெண்ட் சாக்கில் வளர்ந்திருந்த அவரைக்கொடியைக் கம்போடு சேர்த்துச் சிவப்பு பனியன் துணித் துண்டால் கட்டியிருந்தார். கட்டிங் டேபிளில் கழித்துப் போடுகிற வேஸ்ட் துணி அது. நான்தான் கம்பெனியிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அவருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஏழு மாதம். அதுவரை அந்தக் கை மடியில் சும்மா கிடக்கும். முடிச்சு தொளதொளவென்றுதான் இருந்தது, ஒரு காற்று அடித்தால் அவிழ்ந்துவிடும். ஆனாலும் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். இந்த மனிதரை இன்னும் மூன்று மாதத்தில் நீ ஏமாற்றப்போகிறாய் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் வைத்துப் பிழைத்தவர் அவர். மாமியார் இறந்த பிறகு, நிலத்தைக் கொடுத்துவிட்டு அனுப்பர்பாளையத்தில் எங்களோடு வந்து இருந்தார். நோய் வந்ததும் பிசியோதெரபி செய்யவந்த அம்மா ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு முறை பிசையச் சொன்னார். மாமா பத்து முறை பிசைந்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிடுவார். குனிந்து எடுத்துக் கொடுத்தே என் இடுப்பு ஒடிந்தது. கடைசியில் அந்த அம்மாவே, இவர் முன்பு என்ன வேலை செய்தார் என்று விசாரித்துவிட்டு, பந்தை விட்டுவிடுங்கள், மண்ணைக் கொடுங்கள் என்றார். எட்டுச் சாக்கில் தொடங்கினோம். விதை ஊன்ற விரல் குவிய வேண்டும், களை பிடுங்க விரல் இறுக வேண்டும். பந்து செய்யாததைச் செடி செய்தது. அதோடு நிற்கவில்லை. இரவில் விழித்துக்கொண்டு மணி என்ன, மணி என்ன என்று கேட்பவர் விடியும்வரை தூங்கினார். வேண்டாம் வேண்டாம் என்று தட்டைத் தள்ளியவர் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார். வெயில் பட்டு முகத்தில் பழைய கறுப்பு திரும்பியது. வயதானவர்கள் உள்ள வீட்டில் யார் கேட்டாலும் நான் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன், நாலு தொட்டி வாங்கி வையுங்கள் என்று. அதற்கு மேல் நடந்ததை மட்டும் சொல்லமாட்டேன்.

திருப்பூரில் எங்கள் மாதிரி வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. எட்டு நாளுக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை குழாயில் வருவது நல்ல தண்ணி. டிரம்மில் பிடித்து, மூடி போட்டு, காவல் காக்காத குறையாக வைத்துக்கொள்வோம். செடிகளுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணிதான். அது உப்பு. வாளியில் வெள்ளையாகப் படியும். மாமாவுக்கு உப்பைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, அவருடைய கிணறும் கடைசிக் காலத்தில் உப்புதான். உப்பு தாங்கும் செடியாகப் பார்த்து வைத்திருந்தார். என் பயம் வேறு. எங்கள் தெருவுக்குப் பின்னால் பல வருஷங்களுக்கு முன்பு ஒரு சாயப்பட்டறை இருந்ததாம், அதன் கழிவு நிலத்துக்குள் இறங்கியிருக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். காலையிலிருந்து பீஸ்களைப் புரட்டி ஓட்டை, கறை, ஷேடு மாற்றம் என்று அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் பிழைப்பு. பழுது தேடியே பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அந்தத் தண்ணீரில் வளர்ந்த காயை எப்படி என் மகளுக்குக் கொடுப்பேன் என்று நினைத்தேன்.

முதல் அவரைக்காய் ஒரு முறம் வந்தது. மாமா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். வாங்கிச் சமைக்கப்போவதுபோல் கழுவி, ஒரு கவரில் போட்டு ஒளித்துவைத்து, மறுநாள் கம்பெனி வேனுக்குப் போகும் வழியில் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். சாயங்காலம் கடையில் அதே அளவு அவரைக்காய் வாங்கிவந்து பொரியல் செய்து வைத்தேன். அவர் ஒரு வாய் மென்றுவிட்டு, "நம்ம காய்க்குன்னு ஒரு ருசி இருக்குது பாரு அம்மிணி" என்றார். நானும் ஆமாங்க மாமா என்றேன். அன்றிலிருந்து கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை என்று எது வந்தாலும் இதே நாடகம்தான். அவர் ஒவ்வொரு தடவையும் ருசியைச் சொல்வார், நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரியும். அப்பா சந்தோஷமாக இருக்கிறார், விட்டுவிடு என்றார். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றாமல் இல்லை. கெட்டது என்று வந்தால் தோட்டத்தை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் கை மறுபடி மடியில் விழுந்துவிடும். நல்லது என்று வந்தால் நான் இத்தனை நாள் செய்தது எதற்காக? இரண்டு பதிலும் எனக்கு வேண்டாமென்று இருந்தது. அதனால் கொடுக்கவில்லை.

காய்ப்பு கூடியதும் கீழ் வீட்டுப் பெண்ணின் நினைவு மாமாவுக்கு வந்தது. எங்கள் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தவள், விருதுநகர்ப் பக்கத்துக்காரி. அவளும் புருஷனும் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர்கள், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. சின்னக் குழந்தை இருக்கிற வீடு, கொண்டுபோய்க் கொடு என்று மாமா ஒரு பங்கை என் கையில் தனியாகத் தருவார். அதையும் தொட்டியில் போட்டிருக்கலாம். ஆனால் அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, காய் வந்ததா கண்ணு, குழந்தை சாப்பிட்டாளா என்று அவளிடம் நேராகவே கேட்பார். அதனால் கொடுத்தேன். என் கையாலேயே வாரம் இரண்டு முறை கொடுத்தேன். கடையில் விற்கிற காய் மட்டும் எந்தத் தண்ணீரில் விளைந்ததோ, யார் கண்டது என்று மனதுக்குள் நியாயம் பேசிக்கொண்டேன். வெளிநாட்டு வியாபாரிக்கு ஆகாத பீஸை செகண்ட்ஸ் என்று நடைபாதையில் விற்கிற ஊர்தானே இது. அந்தப் புத்தி எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒரு வியாழக்கிழமை அந்தக் குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி என்று அவள் லீவு போட்டு, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறாள். தெருமுனையில் நான் கவரைத் தொட்டியில் போடுவதைப் பார்த்துவிட்டாள். எனக்கு அது தெரியாது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மேலே வந்தாள். கையில் அதே கவர் இருந்தது. அதைக் கூடத்தில் என் முன்னால் வைத்தாள். கவர் பிரிந்து கத்தரிக்காய் இரண்டு உருண்டன. மாமா நாற்காலியில் உட்கார்ந்து கொடி கட்டத் துணியை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டிருந்தார். தாத்தா கொடுத்த காயை எதற்காகக் கொட்டினீர்கள் என்று மெதுவாகத்தான் கேட்டாள். தண்ணீர் சரியில்லை என்று ஒரு சந்தேகம், மகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று நான் உளறினேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஒங்க பிள்ளைக்கு ஆகாதது எம்பிள்ளைக்கு மட்டும் எப்படிக்கா ஆகும்னு நெனச்சீக?"

அவள் போய்விட்டாள். மாமா துணியைக் கீழே வைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டார். முதல் காயிலிருந்து என்றேன். அப்படியானால் நான் சாப்பிட்டது என்ன என்றார். கடையில் வாங்கியதுங்க மாமா என்றேன். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது வெட்கம். ஒவ்வொரு நாளும் கடைக்காயை மென்றுகொண்டு நம்ம காய், நம்ம காய் என்று சொன்ன அத்தனை நேரமும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"தண்ணி ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தெனம் ரெண்டு கொடம் நல்ல தண்ணி கேட்டு வாங்கி ஊத்தியிருப்பனே. காடு தோட்டம் வெச்சவனுக்கு இது தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்தார். "கை மடக்கி நீட்டறதுக்குன்னு நான் செடி வெக்கில அம்மிணி. ஊட்டுக்கு ஒதவோணும்னு வெச்சேன்."

இரண்டு குடம் நல்ல தண்ணி. ஒரு வருஷம் பொய் சொன்ன எனக்கு அது தோன்றவே இல்லை. அவரை நோயாளியாகப் பார்த்தேன், செடிகளை மருந்தாகப் பார்த்தேன். அதில் விளைவது சாப்பாடு என்பதையும், அவர் ஒரு விவசாயி என்பதையும் மறந்துபோனேன்.

அந்தக் குழந்தைக்கு மூன்றாம் நாளே சரியாகிவிட்டது, சாதாரண வயிற்றுக் கோளாறு என்றுதான் டாக்டர் சொன்னாராம். எனக்கு அதில் ஒரு நிம்மதியும் இல்லை. இரண்டு முறை கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லக்கா என்றாள். அடுத்த மாதமே தாராபுரம் ரோட்டுப் பக்கம் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். பழைய மண்ணை எல்லாம் கொட்டிவிட்டுப் புது மண் வாங்கிச் சாக்குகளை நிரப்பினேன். நல்ல தண்ணியை நானே மாடிக்குச் சுமந்தேன். வாங்க மாமா என்று கூப்பிட்டால் வருவார். ஊன்றச் சொன்னால் ஊன்றுவார், கட்டச் சொன்னால் கட்டுவார். முன்பு பந்து பிசைந்தது போலத்தான் எல்லாம் செய்தார். கூப்பிடாத நாளில் மாடிப்படி பக்கமே திரும்பமாட்டார். கை மட்டும் நன்றாகவே இருந்தது, கடைசிவரை.

அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. புது மண்ணில் முதல் அவரை காய்த்த நாளைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். மகளைப் பறிக்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே நறுக்கிப் பொரியல் செய்தேன். முதலில் மகளுக்கு வைத்தேன், பிறகு நான் போட்டுக்கொண்டேன், பிறகு அவருக்குப் பரிமாறினேன். நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன். ஒரு வாய் எடுத்து மென்றவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது எந்தக் கடையில வாங்குனது அம்மிணி?"

குத்திக்காட்டும் குரலாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நம்ம செடியில் காய்த்ததுதாங்க மாமா என்றேன். நான்தான் பறிச்சேனுங்க அப்பாரு என்று மகளும் தாத்தாவிடம் சொன்னாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி என்றார். தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.