தாய்மாமன் பெயருக்கு முன்னால் ஆறு தாள்

என் மச்சானுக்குக் கல்யாணம். அவன் தாய்மாமன் மேல்பட்டாம்பாக்கத்தில் இருந்தார். பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்கள். முந்தைய கல்யாணம் ஒன்றில் பத்திரிகை உறைமேல் ஒரு பட்டம் விட்டுப்போக, மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டார்.

"இந்தவாட்டியும் அவரு வரலன்னா உங்க அத்தை என்னை வீட்டுக்குள்ள சேக்கமாட்டா மாப்ள" என்றார் என் மாமனார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் சிதம்பரத்தில் ஒரு கணினி மையத்தில் சி மொழி கற்பித்துக்கொண்டிருந்தேன். மாணவர்களைவிட இரண்டு பாடம் முன்னால் இருந்தேன், அதுதான் தகுதி. உறைகளில் முகவரி எழுத என் கோழிக்கிறுக்கலை யாரும் கேட்கவில்லை. அந்த ரோஷத்தில், ஒட்டும் தாளில் ஆங்கிலத்தில் முகவரி அச்சிட ஒரு நிரல் எழுதி, பழைய கணினியையும் பிரின்டரையும் மஞ்சக்குப்பத்தில் மாமனார் வீட்டுக்கு பஸ்ஸிலேயே கொண்டுவந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாய்மாமன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். முப்பது பெயர்கள் நடுவாந்திரமாக, அழகாக விழுந்தன. அடுத்தது அவர் பெயர். பிரின்டர் கறகறவென்று வெறும் தாளைத் தள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று.

"மாமா, பேப்பர்தான் வருது, பேரு வர்ல" என்றான் மச்சான்.

"மரியாதை ஜாஸ்தியா குடுத்துட்டீங்க போலருக்கு" என்றார் மாமனார்.

ஆறு தாளுக்குப் பிறகுதான் பெயர் வந்தது. எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். வரிக்கு நாற்பது எழுத்து. அதில் பெயரின் நீளத்தைக் கழித்து, மீதியில் பாதியை இடைவெளியாக விடு. மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால் பெயரை வெட்டு. இவ்வளவுதான் நிரல். அவர் பெயர் பட்டங்களோடு நாற்பத்து மூன்று. மீதி மைனஸ் மூன்று. திரையிலோ இடைவெளி முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தாறு என்றிருந்தது.

கார் வாசலில் ஹாரன் அடித்தது. நான் புத்தகத்தைப் புரட்டினேன். சி மொழியில் நீளத்தைச் சொல்லும் எண்ணுக்கு மைனஸே கிடையாது. நீளம் எப்படிக் குறையில் போகும் என்பது அதன் கட்சி. நியாயம்தான். ஆனால் சாதாரண எண்ணோடு அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் விடைக்கும் மைனஸ் போய்விடுகிறது. ஸ்கூட்டர் மீட்டரைப் பூஜ்யத்திலிருந்து மூன்று பின்னால் சுற்றினால் ஒன்பது ஒன்பதாக வந்து கடைசியில் ஏழு நிற்குமே, அப்படி. மைனஸ் மூன்று அறுபத்தையாயிரத்துச் சொச்சமாகி, அதில் பாதி இடைவெளியாகிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே போகிறதா என்று நான் வைத்த காவல், போகவே முடியாத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"மாப்ள, மணி பத்து."

நீளத்துக்கு முன்னால் ஒரே ஒரு சொல் சேர்த்தேன்: இதையும் மைனஸ் தெரிந்த சாதாரண எண்ணாகவே எடுத்துக்கொள். ஓட்டினேன். வெறும் தாள் வரவில்லை. பெயர் உடனே வந்தது. காவல் விழித்துக்கொண்டு, நான் சொன்னபடியே வெட்டியும் இருந்தது. புள்ளிகளையும் சேர்த்துக் கடைசி மூன்று எழுத்து இல்லை. பி.எல். பட்டத்தில் பி மட்டும் நின்றது.

மாமனார் அதைப் படித்தார். கண்ணாடியை மாட்டி, பேனாவை எடுத்து, உறையில் தாமே எழுதினார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் தாய்மாமன் உறையைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கடைசிப் புள்ளிவரை படித்தார்.

"கையால எழுதியிருக்கீங்க. இப்பல்லாம் எவன் எழுதறான்? உங்க மருமவன் வேலையா?"

மாமனார் என்னைப் பார்த்தார். "காலையிலேருந்து இது ஒண்ணுக்காகத்தான் உக்காந்திருந்தாரு."

அதில் பொய் எதுவும் இல்லை.

"நான் மொத நாளே வந்துர்றேன்" என்றார் தாய்மாமன்.