மணிக்கூண்டு சாய்கிறது என்று சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன், மழை விட்ட கையோடு நடந்தது இது. மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட மாதா கோயில் ஒன்று இருக்கிறது. பழுதுபார்ப்பதற்கு முன் அதை லேசர் ஸ்கேனரால் அளந்து தரும் வேலை எங்கள் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. படூரிலிருந்து நான்தான் போய் வந்தேன்.

முக்காலி மேல் சுழலும் அந்தக் கருவி, கட்டடத்தை லட்சக்கணக்கான புள்ளிகளாக அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்துவிடும். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அளந்து, இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் எது நகர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்படிப் பொருத்துவதற்கு அடையாளமாக, சுற்றுச்சுவரில் நான்கு இடங்களில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாள்களை ஒட்டியிருந்தேன்.

மழைக்குப் பின் அளந்து பொருத்திப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மணிக்கூண்டின் உச்சி மூன்று சென்டிமீட்டர் வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. பொருத்தம் சரியில்லை என்று திரையில் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கையும் வந்தது. பதற்றத்தில் அதைப் படிக்காமல் மூடிவிட்டு, கோயில் ஃபாதருக்கு போன் செய்துவிட்டேன். அன்றே கோயிலைப் பூட்டினார்கள். ஞாயிறு பூசை வெளியே தார்ப்பாய்க்கு அடியில் நடந்தது.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கப் போனேன். கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்டருகே நின்றிருந்தார்.

"இன்னா மேடம், நெஜமாவே உழுந்துடுமா? வர்ற புதன்கிழமை எம் பொண்ணு கல்யாணம். இந்தக் கோயிலுதான்னு பத்திரிகை அடிச்சுக் குடுத்தாச்சு."

தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கப் போனேன். நான் நான்கையும் டேப் வைத்துத்தான் ஒட்டியிருந்தேன். இரண்டின் ஓரத்தில் மட்டும் ஏதோ வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

"இதை யார் ஒட்டினது அக்கா?"

அவர் முகம் மாறிவிட்டது. "மழையில ஊறிக்கினு கீழ உழுந்து கெடந்துது. உங்க சாமானாச்சேன்னு நான்தான் கஞ்சி தடவி ஒட்டினேன். அதே எடந்தான்... ஒரு ரெண்டு வெரல் முன்ன பின்ன இருக்கும். தப்பா மேடம்?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நகர்ந்தது தாள். மணிக்கூண்டாக இருக்க வேண்டியதில்லை!

"ஃபாதராண்ட சொல்லிடாதீங்க. பேஜாராப் பூடும்" என்றார் அக்கா, கண் கலங்க.

அந்த இரண்டு தாள்களை விட்டுவிட்டு, கல் படிகளையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சுவரையும் வைத்து இரண்டு அளவுகளையும் மறுபடி பொருத்தினேன். மணிக்கூண்டு ஒரு நூல்கூட அசையவில்லை. அப்போதும் எனக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

அன்று மாலை ஃபாதர் ஊராரைத் தார்ப்பாய்க்கு அடியில் கூட்டினார். 'மழையில் தாள் நகர்ந்துவிட்டது' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் எச்சரிக்கையைப் படிக்காமல் மூடியது யார்? எழுந்து நின்று, "தப்பு என்னோடது. சரிபார்க்காம உங்களைப் பயமுறுத்திட்டேன், மன்னிச்சிடுங்க" என்றேன். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்போ எங்க கோயிலு நல்லாத்தான் கீதா?"

"நல்லா இருக்கு."

"அத்த மொதல்ல சொல்லும்மா!"

கூட்டமே சிரித்துவிட்டது. எனக்கு அழுகைதான் வந்தது. ஃபாதர் சாவியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

புதன்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த என்னை அக்கா வந்து தோளில் தட்டி, "பொண்ணப் பாரு மேடம்" என்றார்.

எந்தப் பழைய கட்டடத்துக்குப் போனாலும், இப்போதெல்லாம் கருவியை வெளியே எடுப்பதற்கு முன் அங்கே தினமும் பெருக்குகிறவர் யார் என்று விசாரித்து, அவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன். ஒரு ஊரின் நிம்மதியைக் கெடுக்க என் அவசரம் ஒன்றே போதும் என்று அந்த இரண்டு வாரங்களில் தெரிந்துகொண்டுவிட்டேன்.