குணசுந்தரி கேட்டுவிட்டாள்

மருத்துவமனைக் கோப்பில் ‘தானம் அளித்தவர்’ என்ற இடத்தில் இப்படி எழுதியிருக்கிறது: குணசுந்தரி, மனைவி, இல்லத்தரசி, அமைதியானவர், கூச்ச சுபாவம். எழுதிய ஆலோசகர் நெட்டுக்குப்பத்து மீன் ஏலத்தைப் பார்த்ததில்லை. அங்கே குணசுந்தரி வாயைத் திறந்தால் அனல்மின் நிலையத்துச் சங்கு ஊதியதா என்பதே யாருக்கும் தெரியாது. அன்று ஆலோசகர் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், ஏதாவது பேசப்போய்த் தன் சிறுநீரகத்தை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

கொடுத்த சிறுநீரகம் கணவன் கோதண்டத்தின் அடிவயிற்றில் ஒழுங்காக வேலை செய்தது. கோதண்டம்தான் ஒழுங்காக இல்லை. காயம் ஆறி மாதங்கள் ஓடியும் வீட்டில் படுக்காமல் பாயோடு படகோரம் போய்விடுவான். குப்பத்தில் ஓர் ஆண்பிள்ளை தொடர்ந்து படகோரம் படுத்தால் வீட்டில் சண்டை, இல்லாவிட்டால் பெண்டாட்டி கர்ப்பம். சண்டைச் சத்தம் கேட்கவில்லை. ஆகவே பக்கத்து வீட்டு மலர்க்கொடி முடிவுக்கு வந்துவிட்டாள்.

“இன்னாடி சுந்தரி, முழுகாம கீறியா? சொல்லவேயில்ல!”

“ஆமா, உப்புக் காத்துல வந்துச்சு. போவியா!”

சிரித்துச் சமாளித்தவள், உள்ளே போய் விலாவோரத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். இதைக் கண்டு வெறுத்துவிட்டானோ? உடம்பில் ஒன்றைக் கொடுத்துக் காப்பாற்றிய புருஷன் கைவிட்டுப் போனால் அது என்ன வியாபாரம்?

“யோவ், என்னப் புடிக்கலியா?” என்று நேராகவே கேட்டாள்.

“அய்ய, அது இல்லம்மே.” கோதண்டம் அடிவயிற்றை இரு கையாலும் பொத்திக்கொண்டான். “கிட்னிய வவுத்து முன்னாடியே வெச்சித் தச்சிக்கீறாங்க. ஏடாகூடமா ஒடஞ்சி வெச்சா? அப்பால உன்னாண்ட இன்னொண்ணு கேக்க முடியுமா?”

“டாக்டராண்ட கேக்குறது?”

“பொம்பள டாக்டரும்மே. வெக்கமா கீது.”

அடுத்த பரிசோதனையின்போது டாக்டர் ஜீனத் வழக்கம்போல, “வேற ஏதாவது சந்தேகம்?” என்றார். கோதண்டம் மின்விசிறியைப் பார்த்தான். குணசுந்தரி ஏலக் குரலை எடுத்தாள்.

“டாக்டரம்மா, என்னாண்ட வந்தா கிட்னி ஒடஞ்சிடும்னு இவரு படகாண்ட போய்ப் படுத்துகினு கீறாரு. ஒடயுமா?”

வெளியே நோயாளிகள் வரிசை முழுதும் மூச்சைப் பிடித்தது. டாக்டர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

“உடையாதும்மா. காயம் நல்லா ஆறிடுச்சு. அந்த இடத்துல பாரம் அழுந்தாம பாத்துக்குங்க. ஆணுறை மட்டும் கட்டாயம். அவருக்கு நோய்த்தொற்று வரக்கூடாது, உங்களுக்கும் இப்ப கர்ப்பம் வேணாம்.” பிறகு கோதண்டத்திடம் குரலைத் தாழ்த்தினார். “உடம்பு ஒத்துழைக்கலன்னா அதையும் சொல்லணும். சில மாத்திரையால அப்படி ஆகும், மாத்திப் பாக்கலாம். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க.”

கோதண்டம் மின்விசிறியை விடவில்லை. ஆனால் தலையை ஆட்டினான்.

கதவிடுக்கில் ஒரு நரைத்த தலை நுழைந்தது. “மேடம், இதெல்லாம் எனக்கும் சேத்துத்தானே?”

வெளியே வந்ததும் கோதண்டம் வேகமாக முன்னால் நடந்தான். “மானத்த வாங்கிட்டியேம்மே!”

“மிச்சம் கீற மானத்தோட வூட்ல வந்து படு.”

எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் குணசுந்தரி மருந்துக் கடைக்குப் போய் ஆணுறை கேட்டாள். கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லி அப்படியே வாங்கிக்கொண்டாள்.