நாற்பத்தோராம் குழி

எங்கள் குடும்பத்துக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனால் எட்டு கிலோமீட்டர் ரோடு இருந்தது. திண்டிவனம் பெரிய ரோட்டிலிருந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே பிரிந்து போகும் ரோடு அது. அப்பா அதில் சாலைப் பணியாளர். குழி மூடுவது, ஓரத்துப் புல்லைச் செதுக்குவது, கிலோமீட்டர் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து எழுத்து எழுதுவது எல்லாம் அவர் வேலை. "என் ரோடு" என்றுதான் சொல்லுவார். எங்கள் வகையறாவில் மாதாமாதம் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். அதனால் அந்த ரோட்டில் நடக்கும்போது நானும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன். மற்ற இடங்களில் குனிந்துதான் நடப்பேன். வகுப்பில் வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" சொல்லக்கூட எனக்குக் குரல் வராது.

ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் காலை பத்து மணிக்கே அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். சைக்கிளில் மண்வெட்டி, இரும்புச் சட்டி, சிவப்புக் கொடி எல்லாம் இருந்தன. சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. அரசாங்கத்திடம் பணம் இல்லையாம், சிக்கனம் செய்கிறார்களாம், அதனால் ரோட்டு ஆட்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாமாம். அம்மா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பின்பக்கத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்று நினைத்தார் போல.

இந்தச் செய்தியைக் கேட்டு எங்கள் குடும்பத்தில் சிரித்த ஒரே ஆள் மாமா. அம்மாவின் அண்ணன். ரோடு பிரிகிற கூட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தார். "நான் ராஜா, எனக்கு மேல ஒரு ஆபீசரும் கிடையாது" என்று பேசுகிறவர். அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்ததிலிருந்து அவருக்கு உள்ளுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது.

"மச்சான், தப்பா நெனச்சிக்காத. நீ குழி மூடிக்கினு இருந்த வரைக்கும் எனக்கு யாவாரம் கம்மி. இனிமே பாரு, வரிசையில நிப்பானுங்க" என்றார். சொன்னதோடு விடவில்லை. திண்டிவனம் போய் ஒரு பெட்டி நிறைய டியூபும் ஒட்டுப் போடும் பசையும் வாங்கி வந்து அடுக்கினார்.

ஐப்பசி மழையில் அவர் எதிர்பார்த்தபடியே குழிகள் வந்தன. வரிசைதான் வரவில்லை. பள்ளிக்கூட வாத்தியார்களுக்கும் அதே சிக்கனம் என்று சம்பளத்தோடு வரும் ஏதோ படியை நிறுத்தியிருந்தார்கள். பண்டிகைக்குக் கொடுக்கும் முன்பணமும் இல்லை. டியூப் மாற்ற வேண்டிய வாத்தியார் ஒட்டின் மேல் ஒட்டுப் போடச் சொன்னார். அவர் வீட்டில் மாடியில் ஓர் அறை எழுப்ப இருந்ததை நிறுத்திவிட்டதால் கொத்தனாருக்கு வேலை இல்லை. கொத்தனார் சைக்கிளை எடுக்கவே இல்லை. மாமா கடை ஓரத்தில் அம்மா காலையில் இட்லி போட்டு விற்பார். ரோட்டு ஆட்கள் வந்து தின்றபோது மூன்று ஈடு ஓடும். இப்போது ஒன்றே மீந்தது. மீந்ததை மதியம் நாங்கள் தின்றோம்.

மாமா ஒரு நாள் டியூப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "உன் ஆபீஸ்ல வேலைய எடுத்தாங்க, சரி. என் கடையில நான் இன்னாத்துக்கு ஈ ஓட்டிக்கினு இருக்கறேன்? எனக்கு எவன் சீட்டுக் குடுத்தான்?"

"உனக்குத்தான் மேல ஆபீசரே இல்லியே, ராஜாவாச்சே" என்றார் அம்மா, இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே.

அப்பாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி மூடக் கிளம்பினார். அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"போய் மூடு. அப்புறம் கூலி இல்லாமயே செய்யறானே, சம்பளம் எதுக்குன்னு கேப்பாங்க. அவங்க சொன்னது சரின்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்."

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். விழுப்புரத்தில் பெரிய ஆபீசுக்கு முன்னால் ரோட்டு ஆட்கள் கூடி உட்கார்ந்தபோது அவரும் போய் உட்கார்ந்தார். அங்கே சங்கத்துக்காரர்கள் ஒன்று சொல்லி அனுப்பினார்கள். சாமான்களைத் திருப்பிக் கொடு என்று ஆபீசிலிருந்து வருவார்கள், கொடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டால் வேலையை நாமே விட்டதாக ஆகிவிடும், அதனால் ஒரு சட்டியைக்கூடக் கொடுக்காதே என்று. அதைக் கேட்டுவிட்டு வந்த அப்பா மறுநாள் மீந்திருந்த சுண்ணாம்பைக் கரைத்தார். கிலோமீட்டர் கல் எழுதும் பிரஷை எடுத்தார்.

அவர் குழியை மூடவில்லை. குழியைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் அழகாக ஓர் எண் எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று. கல்லில் எழுதுகிற அதே கட்டை எழுத்து.

மாமா கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தார். "இன்னா மச்சான், குழிக்குக் கோலம் போடறியா?"

"நம்பர் போடறேன். ஊட்டுக்கு நம்பர் இருக்குது, கரண்டு கம்பத்துக்கு நம்பர் இருக்குது. குழிக்கு மட்டும் இருக்கக் கூடாதா?"

ஒரே வாரத்தில் அந்த எண்கள் ஊர்வாயில் ஏறிவிட்டன. "பதினேழுல வண்டி எறங்கி முட்டையெல்லாம் போச்சு" என்றாள் ஒரு முட்டைக்காரி. பஸ்ஸில் கண்டக்டர், "இருபத்திரண்டு எறங்கறவங்கல்லாம் முன்ன வா" என்று கூவினார். மழை வட்டங்களைக் கழுவிக்கொண்டு போகும். வெயில் வந்ததும் அப்பா மறுபடி எழுதுவார். இதற்குள் இரண்டு மூன்று கூடியிருக்கும்.

அரைப் பரீட்சை லீவில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பஸ் வரும் நேரத்தில் ரோட்டில் குந்தி எழுத வேண்டியிருந்ததால் கொடி பிடிக்க ஆள் வேண்டும். அம்மாவுக்கு இட்லிக் கடை. இருபது அடி தள்ளி என்னை நிறுத்திக் கொடியைக் கையில் கொடுத்தார்.

"நான் எழுந்து கைதட்டற வரைக்கும் எறக்காத பாப்பா. யாரு வந்தாலும் சரி. கொடியப் பார்த்துட்டா வண்டி நிக்கணும், அது சட்டம்."

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது முடிந்தது. ஒரு பஸ்ஸும் இரண்டு மாட்டு வண்டிகளும் எனக்காக நின்றுவிட்டுப் போயின. நாற்பத்தோராம் குழிக்கு அப்பா வட்டத்தைப் போட்டு முடிக்கும்போது ஆபீஸ் ஜீப் வந்தது.

அதில் டிரைவர் பக்கத்தில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். சாமான் கேட்டு ஏற்கெனவே இரண்டு முறை வீட்டுக்கு வந்தவர். என் காலில் சிலந்தி ஏறுவதுபோல இருந்தது. கொடி மட்டும் மேலேயே இருந்தது.

"ஓரமா ஏத்திப் போய்யா" என்றார் ஆபீசர்.

"செவப்புக் கொடிங்க சார்" என்றார் டிரைவர்.

"தெரியுது. சின்னப் பொண்ணு. ஆரனடி, நகர்ந்துக்கும்."

டிரைவர் ஆரன் அடித்தார். கோழி கொக்கரித்த மாதிரி ஒரே ஒரு சின்னச் சத்தம். நான் நகரவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன், கால் வரவில்லை. அப்போது டிரைவர் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்திவிட்டார். ரோடு முழுக்க அமைதியாகிவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது.

"இன்னாய்யா ஆஃப் பண்ணிட்ட?"

"டீசல் சார். நிக்கிற வண்டி ஓடிக்கினு இருக்கக் கூடாதுன்னு நம்ம ஆபீஸ்லயே ஒட்டியிருக்குதுங்களே. சிக்கனம்."

ஆபீசர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். கையில் தாளோடு என்னைத் தாண்டி அப்பாவிடம் நடந்து போனார். அப்பா எழுந்திருக்கவில்லை, திரும்பவும் இல்லை. குந்தியபடியே நாலு என்ற எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பண்ணிக்கினு இருக்க?"

"நம்பர் போடறேங்க."

"யாரு போடச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. வேலையில இருந்தாத்தானே யாராச்சும் சொல்லணும்."

"மேலேர்ந்து கேக்கறாங்கய்யா. மரியாதையா எல்லாத்தையும் அழிச்சுடு."

"அழிக்கறதுக்கு ஆள் வேணுங்க. ஆளையெல்லாம் நீங்கதான் ஊட்டுக்கு அனுப்பிட்டீங்க."

ஆபீசர் தாளை நீட்டினார். "சரி, சாமானக் குடுத்துட்டு இதுல கையெழுத்துப் போடு. உன்னோட பேஜாரு முடியட்டும் எனக்கு."

"கையெல்லாம் சுண்ணாம்புங்க" என்றார் அப்பா.

ஆபீசர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "அந்தக் கொடி ஆபீஸ் சாமான். இப்படிக் குடும்மா." அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் சில்லறை கேட்பதுபோல் கையை நீட்டினார். நான் கொடுத்திருந்தால் அன்றைக்கே அது முடிந்திருக்கும். ஒரு சாமானை வாங்கியாகிவிட்டது என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. வீட்டில் இரண்டு மாதமாக அதே பேச்சுதான்.

"அப்பா இன்னும் எழுந்துக்கல" என்றேன்.

என் குரல்தான். வகுப்பில் ஒரு நாளும் வராத குரல், அந்தக் கொல்லை வெளியில் நன்றாகவே கேட்டது. ஆபீசர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒன்று என்ற எண்ணை எழுத ஆரம்பித்திருந்தார். ஒன்றுக்கு ஒரே கோடுதான். அவர் மெதுவாக, மிக மெதுவாக அதை இழுத்தார். சுண்ணாம்பு பிரஷிலிருந்து வழிந்து கோட்டின் ஓரத்தில் தேங்கியது. ஆபீசர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்பா எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைதட்டினார். நான் கொடியை இறக்கினேன். டிரைவர் அதற்கப்புறம்தான் சாவியைத் திருப்பினார். ஜீப் வட்டத்தின்மேல் படாமல் ஒதுங்கிப் போனது.

சாயந்திரம் மாமா கடையில் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் ஜீப்புக்கு முன்னால் படுத்துக்கொண்டதாக மாமா ஒவ்வொருவரிடமும் சொன்னார். "எங்க ஊட்டுப் பொண்ணு" என்று சொல்லி, ஒரு வாத்தியாருக்குக் காசு வாங்காமல் காற்று அடித்தார். அதற்குப் பிறகு மழை எண்களைக் கழுவினால், அப்பா விழுப்புரம் போயிருக்கும் நாட்களில், மாமாவே போய் எழுதிவிட்டு வந்தார். அவருடைய எட்டு பூசணிக்காய் மாதிரி இருக்கும்.

அப்பா அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே இல்லை. நடுவில் திண்டிவனம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மாவின் இட்லி எங்களைக் காப்பாற்றியது. சில வருஷம் கழித்து, வழக்கெல்லாம் நடந்து, ரோட்டு ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போன முதல் நாள் அப்பா அதே மண்வெட்டியோடு, அதே கொடியோடுதான் போனார்.

ஜீப்பை நிறுத்தியது நான்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொங்கல் கழிந்த சமயம் மாமா பேச்சுவாக்கில், "அந்த ஜீப் டிரைவர மாத்திட்டாங்களாமே, எங்கியோ தூரமா" என்று சொன்னார். எனக்கு அது சம்பந்தமில்லாத செய்தியாக இருந்தது. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்கிறேன். ஆட்களைக் குறைக்க வேண்டும், இந்தத் தாளில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று போன மாதம் சூப்பர்வைசர் வந்து நின்றார். "கையெல்லாம் பினாயில் சார்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மாதச் சம்பளம் கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்லிவிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கழுத்திலும் நெற்றியிலும் வேர்த்துக் கொட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டபோது அந்த ஜீப் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு ஜீப் என்னைத் தாண்டும்போது டிரைவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மார்கழி மாதம், காலை எட்டு மணி. கொல்லை முழுக்கப் பனி. இந்தக் குளிரில் இவருக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்கிறது என்று கொடியைச் சுருட்டிக்கொண்டே யோசித்தேன்.