கழுத்துக் கட்டியும் என் மகள் வாயும்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப்பேர் தமிழ் ஆட்கள். எங்களுக்குத் தாடைக்கடியில் எது வீங்கினாலும் அது பொன்னுக்குவீங்கிதான். இரண்டு வயது மகளுக்கு இடது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியபோது நான் வேறெதுவும் யோசிக்கவில்லை. பொன்னுக்குவீங்கி வந்தால் கழுத்தில் பொன் போட வேண்டும். என்னிடம் பொன் ஏது? பக்கத்து வீட்டு அக்கா தன் சங்கிலியைக் கழற்றி, இரட்டையாகச் சுற்றி அவளுக்குப் போட்டுவிட்டார்.

"பத்திரமா வச்சுக்கோ. வீக்கம் வத்துனதும் தந்தா மதி, போதும்" என்றார்.

வீக்கம் வற்றவில்லை. காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. பிள்ளை அவள் பாட்டுக்குக் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். தளர்வாகக் கிடந்த சங்கிலி, ஒரு நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால், இடது பக்கச் சதையில் பதிந்து தடம் விட்டிருந்தது. பொன் சுருங்காது, கட்டிதான் வளர்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதையைக் கேட்டு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிக்கட்டும். அந்தச் சங்கிலி இல்லையென்றால் நான் இன்னும் வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருப்பேன்.

ஸ்கேன் எடுத்த அன்று எனக்கு உயிரே இல்லை. கட்டி என்றதும் புத்தி நேராகப் புற்றுநோய்க்குத்தான் போனது. பெரிய டாக்டர் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார். இது வெறும் கொழுப்புக் கட்டி, சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் அபூர்வமாக வருவது, வேகமாக வளரும், ஆனால் கெட்டதில்லை. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "உன் வயித்துல பொறந்தது, கொழுப்பு இல்லாம இருக்குமா?" என்றார். அங்கேயே அவர் முதுகில் ஒன்று வைத்தேன். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சிரித்தோம்.

ஆனால் கட்டியை எடுத்தே ஆக வேண்டும். விட்டால் மூச்சுக்குழலை நெருக்கும். எடுப்பதிலும் ஒரு சங்கடம் இருந்தது. கீழுதட்டை அசைக்கும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. அது அடிபட்டால், சிரித்தாலும் அழுதாலும் வாய் கோணிக்கொள்ளும்.

"பேடிக்கேண்ட" என்றார் டாக்டர். பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? அதற்குப் பிறகு எனக்குக் கட்டி மறந்துபோய், அவள் வாய் மட்டுமே நினைப்பில் நின்றது. நான் பிராட்வே கடைத்தெருவில் வளையல் கடையில் நிற்கிறவள். ஒரு பெண்ணின் முகத்தை ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். கட்டி முழுசாக வந்துவிட்டது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் பிள்ளை வாயை அசைத்தால்தான் உறுதி என்றார். எடுத்த கட்டியைச் சோதித்து, அதிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று பிறகு சொன்னார்கள்.

மகள் கண் விழித்தாள். கழுத்தில் கட்டோடு, முனகினாளே தவிர வாயைத் திறக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு என்னை முறைத்தாள். நான் குரங்கு மாதிரி மூஞ்சியைக் காட்டினேன். அவள் அப்பா பூனை மாதிரிக் கத்தினார். "ஒரே ஒரு தடவ சிரிடி, என் கண்ணுல்ல" என்று கெஞ்சினேன். அசையவில்லை. பிடிவாதத்தில் அவள் என்னை உரித்து வைத்தவள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலை நர்ஸ் ஊசியோடு வந்தார். அதைப் பார்த்ததும் பிள்ளையின் கண் விரிந்தது. "வேண்டா! போ!" என்று வார்டு அதிர அலறினாள். கீழுதடு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறங்கி, கீழ்ப்பல் அத்தனையும் தெரிந்தது.

"கரயண்ட மோளே, கரயண்ட" என்று, அழ வேண்டாமென நர்ஸ் கொஞ்சினார். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா காதைப் பொத்திக்கொண்டு முகம் சுளித்தார். வீட்டுக்காரர் பிள்ளையின் வாயைப் பொத்தக் கையை நீட்டினார்.

அவர் கையைத் தட்டிவிட்டு, மகளைவிட உரக்கக் கத்தினேன்: "யாரும் அவ வாய மூடாதீங்க! அழட்டும். நல்லா அழுடி, என் ராசாத்தி!"